பந்தலூரிலிருந்து தலவாக்கலைக்கு: ஓராண்டு இடைவெளியில் தொண்டு செய்ய வரலாமா?

பந்தலூர்ப் பேத்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவள். இந்த மே மாதம் கோவையில் எம்.எஸ்சி. கணிதம் முடித்தேன். வேலையில் சேர்ந்துவிட்டால் அப்புறம் எங்கேயும் நகர முடியாது என்று வீட்டில் வாதாடி ஓராண்டு அவகாசம் வாங்கியிருக்கிறேன். அதில் ஆறு மாதமாவது இலங்கை மலையகத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆசை. சம்பளம் வேண்டாம்.

ஏன் அங்கே என்றால், என் அம்மாயி (அம்மாவின் அம்மா) தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மலையகத் தமிழரை இரு நாட்டுக்கும் பிரித்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1974-இல் தாத்தாவோடு கப்பலேறி, மண்டபம் முகாமில் கொஞ்ச நாள் கிடந்து, அங்கிருந்து தமிழக அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்துக்கு வந்தார். அவருடைய தம்பி அங்கேயே இருந்துவிட்டார். எங்களை இங்கே இன்னும் 'சிலோன்காரங்க' என்றுதான் சொல்வார்கள். அம்மாயிக்கு இப்போது 76 வயது. முழங்கால் ஒத்துழைக்காது, கூட்டிக்கொண்டு வர வழியில்லை.

தேடியதில் ஒரு நிறுவனம் நாலு வாரத் தொண்டுக்கு டாலரில் கட்டணம் கேட்கிறது. தங்குமிடம், சாப்பாடு, சனி ஞாயிறில் எல்ல என்ற மலையூரும் ஒன்பது வளைவுப் பாலமும் சுற்றிக்காட்டுவது எல்லாம் அதில் சேர்த்தியாம். பணம் கட்டித்தான் தொண்டு செய்ய வரவேண்டுமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

கோச்சித் தபால் எழுதியது:

எங்கள் அப்பாயி இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்தே விழுந்திருக்கும். மலைக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்த காலத்தில் கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தான். இப்போது வருகிறவர்களே முன்பணம் கட்டுகிறார்கள்!

கோபித்துக்கொள்ளாதே தங்கச்சி. நான் அட்டன்காரன், கொழும்பில் வேலை. மாதம் ஒருமுறை கோச்சியில், அதான் ரயிலில், ஊருக்குப் போவேன். கதவில் தொங்கிக்கொண்டு படம் எடுக்கும் வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே போகிறவனுக்கு இந்த மாதிரி விளம்பரத்தைப் பார்த்தால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

லயத்து வாத்தியார் எழுதியது:

பேத்தி, முதலில் விஷயத்துக்கு வருகிறேன். 19 வருடமாகத் தோட்டப் பள்ளிகளில்தான் இருக்கிறேன், கணக்கும் விஞ்ஞானமும்.

சுற்றுலா விசாவில் வந்து வகுப்பு எடுக்க முடியாது. சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதான் என்பது குடிவரவுச் சட்டம். இணைய வழியில் எடுக்கும் 30 நாள் அனுமதியை நீட்டித்துக்கொள்ளலாம், ஆனால் நீட்டித்தாலும் அது சுற்றுலாதான். தொண்டுக்கு வருவதென்றால் இங்கே பதிவுபெற்ற ஓர் அமைப்பு உங்களை அழைத்து, அவர்கள் வழியாக வதிவிட விசா எடுக்கவேண்டும். பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்கும் உங்களுக்கும் இடையே கடிதம் நடந்துகொண்டே இருக்கும், பொறுமை வேண்டும். அந்த டாலர் நிறுவனம் எந்த விசாவில் கூட்டி வருகிறது என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். பதில் வருகிறதா பார்ப்போம்.

அடுத்தது பள்ளி. தோட்டப் பள்ளிகளை 1970-களில் அரசு பொறுப்பேற்றுவிட்டது. இப்போது அவை அரசுப் பாடசாலைகள். வெளியாள் ஒருவரை வகுப்பில் நிறுத்த அதிபர் (உங்கள் ஊரில் தலைமையாசிரியர்) மட்டும் தலையாட்டினால் போதாது, வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி வேண்டும். சில அதிபர்கள் 'வாங்கம்மா பார்த்துக்கலாம்' என்பார்கள். நம்பி வராதீர்கள். பிரச்சினை வந்தால் மாட்டுவது அவரும் பிள்ளைகளும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுச் சொல்கிறேன், கணக்குக்கு ஆள் வேண்டும். விஞ்ஞானத்துக்கும் வேண்டும். உயர்தரத்தில் (ஏ.எல்., உங்கள் பிளஸ் டூ மாதிரி) கணிதப் பிரிவு எடுக்க ஆசைப்படும் பிள்ளை தன் பள்ளியில் அந்தப் பிரிவே இல்லாமல் நுவரெலியாவுக்கோ அட்டனுக்கோ பஸ் ஏற வேண்டும். காசு இல்லாவிட்டால் கலைப்பிரிவு. கணக்கு வரும், ஆனால் கலைப்பிரிவு. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது என்பதுதான் எனக்கே பிடிக்காத விஷயம்.

மேல்கணக்கு டீச்சர் எழுதியது:

எனக்கு அந்தச் சொல்லில்தான் சிக்கல். தொண்டு.

நான் இரண்டரை வருடமாகத் தொண்டர் ஆசிரியை. ஏ.எல். முடித்துவிட்டு, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி கொஞ்சத்தில் தவறி, வீட்டில் இருந்தபோது அதிபர் கூப்பிட்டார். நாலாம் வகுப்பு. 34 பிள்ளைகள். பெற்றோர் சேர்ந்து மாதம் ஒரு தொகை கொடுப்பார்கள், தேயிலைக் கொழுந்து குறைந்த மாதத்தில் அதுவும் குறையும். என்றைக்காவது நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கையில் சேலை கட்டிக்கொண்டு காலை ஆறேகாலுக்கு இறங்குகிறேன். 2014, 15 வாக்கில் எங்கள் அக்காமாரை ஆசிரியர் உதவியாளர்களாக எடுத்தார்கள், மாதம் 6000 ரூபாய். போராடிப் போராடி அது 10,000 ஆனது. அதையே நாங்கள் பெரிய விஷயமாகப் பார்த்தோம்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவரும் தொண்டர், நானும் தொண்டர். அவர் வந்தால் பள்ளியில் மாலை போட்டு வரவேற்பு. என் மேசைக்கு ஒரு கால் இல்லை, செங்கல் வைத்திருக்கிறேன். ஒரு முறை அப்படி ஒருவர் வந்தபோது என் வகுப்பை மூன்று வாரம் அவருக்குக் கொடுத்துவிட்டு நான் சாயத்தண்ணி (பால் இல்லாத தேநீர்) ஊற்றிக்கொடுத்தேன். நல்ல மனுஷி, குறை சொல்லவில்லை. அவர் போன பிறகு பின்னம் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினேன்.

பேத்தி அக்கா, உங்களைச் சொல்லவில்லை. ஆனால் வந்தால் என் இடத்தில் நிற்காதீர்கள்.

ஹரோவிலிருந்து எழுதியது:

மேல்கணக்கு டீச்சர், அந்த மூன்று வாரக்காரி நானில்லை, ஆனால் நானாகவும் இருந்திருக்கலாம்.

2016-இல் பள்ளிப்படிப்பு முடிந்து பல்கலைக்கழகம் போவதற்கு முன் ஒரு வருட இடைவெளி எடுத்தேன். லண்டனில் அது சாதாரணம். என்ர அம்மா அப்பா யாழ்ப்பாணம். நாலரை மாதம் அப்புத்தளைக்குப் பக்கத்தில் இருந்தேன். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கப் போய் நான்தான் தமிழ் படித்தேன். 'இஞ்ச வாங்கோ' என்று யாழ்ப்பாணத் தமிழில் கூப்பிட்டால் இரண்டாம் வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். 'டீச்சர், இன்னொருக்கா கூப்பிடுங்க' என்பார்கள்.

சொல்ல வந்தது வேறு. புறப்படுகிற நாள். பிள்ளைகள் வரிசையாக நின்று ஒரு பிரியாவிடைப் பாட்டு பாடினார்கள். நான் தேம்பித் தேம்பி அழுகிறேன். பாட்டு அவ்வளவு சுத்தம், ஒரு பிசகு இல்லை. இரவு பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அந்தப் பாட்டை அவர்கள் ஒத்திகை பார்த்து நான் கண்டதே இல்லை. ஒத்திகை தேவைப்படவில்லை. எனக்கு முன்னால் போன எல்லோருக்கும் பாடிப் பாடி மனப்பாடம்.

அதற்குப் பிறகு அந்தப் படங்களை நான் எங்கேயும் போடவில்லை.

கோச்சித் தபால் எழுதியது:

ஹரோ அக்கா, உண்மையைச் சொன்னதற்கு ஒரு பிளேன்டீ என் கணக்கில்.

சரி, பேத்திக்கு நான் முதலில் எழுதியது கொஞ்சம் கரடு. நீ தலவாக்கலை என்றதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். 1964-இல் இரண்டு பிரதமர்களும் உட்கார்ந்து 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று பிரித்தார்கள். ஆட்களிடம் அதற்கு முன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரு காம்பரா அறைக்கு இந்தியா வந்தது, அடுத்த காம்பராவுக்கு இலங்கை. எங்கள் பெரியப்பா அட்டன் ஸ்டேஷனில் ஏறியவர்தான். வால்பாறையில் இருப்பதாக ஒரு கடிதம், அதோடு சரி.

அதனால் நீ வருவது தொண்டு இல்லை. ஊருக்கு வருவது. அதற்கு யாருடைய கட்டணமும் வேண்டாம். தாத்தாவின் தம்பி வீடு இருக்கிறதா, விசாரித்தாயா?

பந்தலூர்ப் பேத்தி எழுதியது:

தாத்தாவின் தம்பி இல்லை அண்ணா, அம்மாயியின் தம்பி. அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. அவர் மகள் இருக்கிறார், எனக்கு அத்தை முறை. இன்னும் கொழுந்து எடுக்கிறார். வாட்ஸ்அப்பில் பேசுவோம். 'வா, ஆனா கக்கூஸ் வெளியிலதான்' என்றார். எங்கள் வீட்டிலும் நான் எட்டாவது படிக்கும்வரை வெளியில்தான்.

மேல்கணக்கு டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுத வரவில்லை. மன்னிக்கவும்.

அட்டைக்கடி எழுதியது:

நடைமுறை விஷயம் யாரும் சொல்லவில்லையே.

மே முதல் செப்டெம்பர் வரை அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. துணி காயாது. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுவார்கள், உங்கள் சட்டை எல்லாம் புகை வாசம் அடிக்கும், பழகிக்கொள்ளுங்கள். பதுளை, பண்டாரவளைப் பக்கம் கணக்கு வேறு, அங்கே கார்த்திகை மார்கழியில்தான் பெரிய மழை. மண்சரிவு அபாயம் உள்ள லயங்களில் மழை வலுத்தால் இரவோடு இரவாகப் பள்ளிக்கூடத்துக்கோ கோயிலுக்கோ போகச் சொல்வார்கள். விருந்தாளி என்று பின்தங்காதீர்கள், முதல் ஆளாகக் கிளம்புங்கள். 2014 ஒக்டோபரில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இங்கே யாரும் மறக்கவில்லை.

அட்டைக்குக் காலில் சவர்க்காரம் (சோப்பு) தேய்த்துக் காயவிடுங்கள். உப்புத் துணியும் நல்லது. நீலகிரிக்காரிக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

விருந்தாளி என்று கோழி அடிப்பார்கள். நாட்சம்பளம் 1000 ரூபாய்க்குப் பல வருடம் போராடி 2021-இல்தான் கிடைத்தது, 2024 செப்டெம்பரில் 1350 ஆனது. அதுவும் கிலோக் கணக்கு நிறைந்தால்தான் முழுப் பேர் (முழு நாள் சம்பளம்), குறைந்தால் அரைப் பேர். ஒரு கிலோ கோழி வாங்கினால் அந்தப் பேரில் பெரும்பங்கு போய்விடும். ஆகையால் போன இரண்டாம் நாளே டவுனுக்குப் போய் மா, மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு வாருங்கள். காசாகக் கையில் கொடுக்காதீர்கள், வாங்கமாட்டார்கள், மனமும் நோகும்.

பிள்ளைகளைப் படம் எடுத்துப் போடாதீர்கள். ஹரோ சொன்னதேதான்.

மட்டுறுத்துநர்:

விசா கட்டணம் பற்றிய இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கட்டணம் மாறிக்கொண்டே இருப்பதால் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் நேரடியாகப் பாருங்கள். இன்னொரு பதிவில் ஒரு பள்ளியின் பெயரும் அதிபர் பெயரும் இருந்தன, அதுவும் நீக்கம்.

லயத்து வாத்தியார் எழுதியது:

ஒரு யோசனை. நேற்று இரவு மின்சாரம் போனபோது வந்தது, அதனால் ஓட்டை இருக்கலாம்.

நீங்கள் ஆறு மாதம் வந்து ஒரு வகுப்பு எடுத்தால் 30 பிள்ளைகளுக்கு ஆறு மாதம். போனபின் பள்ளம் அப்படியே இருக்கும். அதற்குப் பதிலாக இரண்டு மூன்று தொண்டர் ஆசிரியைகளைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு இரவு, போனில். அவர்கள் மறுநாள் நடத்தப்போகும் பாடத்தை அன்றைக்கு நீங்கள் அவர்களோடு போட்டுப் பாருங்கள். பிள்ளை எங்கே தடுக்கி விழும் என்று அவர்களுக்குத் தெரியும், ஏன் விழுகிறது என்று உங்களுக்குத் தெரியும். வகுப்பில் நிற்பது அவர்கள்தான். கல்வியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற வயதில் இருப்பவர்களுக்கு அதற்கும் உதவும். எங்களுக்குப் பத்தனையில் ஸ்ரீபாத கல்லூரி இருக்கிறது, அங்கே போய் வந்தால் நிரந்தர நியமனம்.

இதற்கு ஆறு மாதம் போதாது, மூன்று நாலு வருடம் வேண்டும். ஆனால் நீங்கள் பந்தலூரிலேயே இருக்கலாம், வேலைக்கும் போகலாம்.

ஆனாலும் ஒருமுறை வாருங்கள். முகம் பார்க்காமல் போனில் சத்தம்போட முடியாது.

கோச்சித் தபால் எழுதியது:

வாத்தியாரே, சிக்னல்? எங்கள் தோட்டத்தில் போன் பேச வேண்டுமானால் கோயில் மேட்டுக்கு ஏற வேண்டும்.

லயத்து வாத்தியார் எழுதியது:

அதுதான் ஓட்டை. குரல் பதிவாக அனுப்பிக்கொள்ளலாம்.

மேல்கணக்கு டீச்சர் எழுதியது:

கோயில் மேட்டில் எனக்கு நாலு கோடு சிக்னல் உண்டு. பேத்தி அக்கா, செவ்வாயும் வியாழனும் எனக்கு வசதி. வகுத்தலில் மீதியைப் பத்தாக்கிக் கொண்டுபோவது ஏன் என்று ஒரு பையன் கேட்டான். எனக்கும் ஏன் என்று தெரியாது, அப்படித்தான் படித்தேன்.

பந்தலூர்ப் பேத்தி எழுதியது (எட்டு வாரம் கழித்து):

இழையை மேலே கொண்டுவருகிறேன். தலவாக்கலையிலிருந்துதான் எழுதுகிறேன். கோயில் மேடு இங்கேயும் உண்டு.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிக் காங்கேசன்துறையில் இறங்கினேன். கடல் கொஞ்சம் ஆட்டியது. அம்மாயி தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் போன கப்பலைப் பற்றி ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார், வாந்தி எடுத்ததைத் தவிர வேறு எதுவும் அதில் இருக்காது. எனக்கும் அதேதான். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி, கண்டியிலிருந்து அட்டன் பஸ், அப்புறம் இங்கே. மேல் கொத்மலை அணையைப் பார்த்துவிட்டு 'சென்கிளயர் தண்ணி எங்க?' என்று அம்மாயி வீடியோவில் கேட்டார். அணை வந்த பிறகு அவர் காலத்து அருவி மெலிந்துதான் விழுகிறது.

வந்திருப்பது சுற்றுலா விசாவில், உறவினரைப் பார்க்க. எந்த வகுப்பிலும் நிற்கவில்லை. பள்ளியும் விடுமுறை. மேல்கணக்கு டீச்சர் ஒரு நாள் பஸ் பிடித்து வந்து எங்களோடு இருந்துவிட்டுப் போனார். ஏழு வாரமாகக் குரல் பதிவில் வகுத்தல் போட்டுவிட்டு நேரில் பார்த்தபோது இருவருக்கும் பேச்சே வரவில்லை. அத்தை ரொட்டி தட்டிக்கொண்டே 'என்ன, பொண்ணு பார்க்க வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க' என்றார். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. அவர் அடுத்த மாதம் கல்லூரி விண்ணப்பம் போடுகிறார், அந்தக் கதையை அவரே எழுதட்டும்.

எனக்குத் தேயிலை புதிதில்லை, ஆனால் சொல் புதிது. நாங்கள் இலை பறிக்கிறோம் என்போம், இங்கே கொழுந்து எடுக்கிறார்கள். வெள்ளைத் துரை போன பிறகும் மனேஜர் துரைதான். பிள்ளைகளை விடும் இடம் பிள்ளைக் காம்பரா.

நேற்று அத்தையோடு மலைக்குப் போனேன். அத்தை இரண்டு கையாலும் எடுக்கிறார், கண் கொழுந்தில் இல்லை, என்னிடம் பேசிக்கொண்டே எடுக்கிறார். நான் சும்மா நின்றேன், பின்னால் கூடையைப் பிடித்தேன். பத்து மணிக்கு மழை. படங்குத் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அப்படியே தொடர்ந்தார்கள். மத்தியானம் மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், எடை நிறுத்தார்கள். தராசு இப்போது எலக்ட்ரிக். சாக்குக்கு என்று கொஞ்சம், தண்ணிக்கு என்று கொஞ்சம் கழித்துத்தான் துண்டுச் சீட்டில் எழுதுகிறார்கள். அத்தையின் வாய் முணுமுணுத்தது, சத்தம் வரவில்லை.

சாயங்காலம் மேட்டில் ஏறி அம்மாயியைக் கூப்பிட்டேன். மடுவத்தைப் பார்த்தேன் என்றேன். லயம் எப்படி இருக்கிறது, தம்பி வைத்த பலா இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்துக் கைப்பேசியில் படமெல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

'நிறுத்தாங்களா?' என்றார்.

'நிறுத்தாங்க.'

'எவ்வளவு கழிச்சான்?'

'நாலு கிலோ.'

கொஞ்ச நேரம் பேச்சில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தேன்.

'கிலோவா? எங்க காலத்துல நாலு றாத்தல்தான் கழிப்பானுங்க. அவகிட்ட சொல்லு, மழை நாள்ல கூடைய ஒருக்கா கவுத்து உதறிட்டுத் தராசுக்குப் போகணும்னு. அவ அப்பனுக்கு நான்தான் சொல்லிக்குடுத்தேன்.'

றாத்தல் என்றால் அரைக் கிலோகூட வராது. அத்தையிடம் சொன்னேன். 'உதறினேன்டி, அதுக்கப்புறந்தான் நாலு' என்றார்.

கோச்சித் தபால் எழுதியது:

அம்மாயிக்கு முழங்கால் சரியானதும் கூட்டிக்கொண்டு வா தங்கச்சி. மடுவத்தில் கணக்குக் கேட்க ஆள் இல்லை.